கட்டுபடியாகாத ஊர்

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. பெருநகரத்து ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து, இப்போது வாங்குவதைப் போல ஒன்றரை மடங்கு சம்பளம் தருவதாகக் கடிதம் வந்திருந்தது. ஆனால் அந்த ஊரிலேயே பன்னிரண்டு வருஷமாகக் குப்பை கொட்டிக்கொண்டிருந்த அவளுடைய அக்கா, போனிலேயே ஆசையில் மண்ணைப் போட்டாள்.

"பாதிச் சம்பளம் வாடகைக்கே போயிடும்டி. மிச்சம் கைக்கும் வாய்க்குமா ஓடும், அவ்வளவுதான்."

எதற்கும் ஒரு நடை பார்த்துவிடலாம் என்று கணவனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். கணவன் ஒயர்மேனாக இருந்தவன். ஐந்து வருஷத்துக்கு முன்னால் கம்பத்திலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே அசைவில்லை. அன்றிலிருந்து சக்கர நாற்காலிதான். சொந்த ஊரில் வாசல்படியைத் தாண்டுவதற்கே அவனைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். கூப்பிடக் கூச்சப்பட்டே வெளியே போவதை விட்டிருந்தான்.

தரகர் மூன்று வீடு காட்டினார். முதலாவதில் லிஃப்ட் இல்லை. இரண்டாவதில் குளியலறைக்குள் நாற்காலி நுழையவில்லை. மூன்றாவது, நாலாம் மாடி. லிஃப்ட் இருந்தது, கதவுகளும் அகலம். ஆனால் ஒரே அறை. சமையலறையில் ஒருவர் திரும்பினால் இன்னொருவர் வெளியே வர வேண்டும். வாடகையைக் கேட்டதும் அவள் மனக்கணக்குப் போட்டாள். சம்பளத்தில் பாதிக்கும் மேலே. கீழே காற்றாட இருப்பதாகச் சொல்லிக் கணவன் இறங்கிப் போக, அவள் தரகரோடு கால் மணி நேரம் மல்லுக்கட்டினாள். மனிதர் மசியவில்லை. இந்த ஊர் நமக்குக் கட்டுபடியாகாது என்று முடிவு கட்டிக்கொண்டு கீழே வந்தால், ஆளைக் காணோம்.

வாசலில் இருந்த காவலாளியை விசாரித்தாள். சார் அப்போதே பஸ் ஏறிப் போய்விட்டார் என்றார் அவர், சர்வசாதாரணமாக. போன் போட்டாள், அவனுடைய போன் அவள் கைப்பைக்குள்ளேயே அடித்தது. பஸ் ஸ்டாப்பில் போய் நின்றாள்.

முக்கால் மணி நேரம் கழித்து நீளமான பஸ் ஒன்று வந்து நின்றது. 'உஸ்' என்ற சத்தத்தோடு அதன் ஒரு பக்கம் மெல்லத் தாழ்ந்து, நடைபாதை மட்டத்துக்குக் குனிந்தது. படியிலிருந்து ஒரு பலகை நீண்டது. அதன்மேல் அவள் கணவன், தன் கையாலேயே சக்கரத்தை உருட்டிக்கொண்டு இறங்கி வந்தான். ஏற நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். பலகை உள்ளே போனது. பஸ் நிமிர்ந்தது, கிளம்பிப் போய்விட்டது. அங்கே நின்ற யாருக்கும் அது ஒரு விஷயமாகவே படவில்லை. அவளுக்கு மட்டும் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"யாருங்க தூக்கி ஏத்தினது?"

"யாரும் தூக்கல. நானாத்தான் போனேன். கடைசி ஸ்டாப்ல ஒரு பெரிய ஏரி இருக்கு, கரை முழுக்க வழவழன்னு பாதை." அவன் சக்கரத்துத் தூசியைத் தட்டிவிட்டான். "ஒருத்தர்கூட என்னைத் திரும்பிப் பாக்கலடி."

அந்த ஏரியைத் தானும் பார்க்க வேண்டும் என்றாள். அடுத்த பஸ்ஸில் இருவருமாக ஏறினார்கள். இத்தனை பெரிய வண்டி தன் வீட்டுக்காரருக்காகக் குனிகிறதே என்று, போகிற வழியெல்லாம் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மாலையிலேயே தரகரிடம் மூன்றாவது வீட்டுக்குச் சம்மதம் சொன்னாள். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். மாசக் கடைசியில் என்ன மிஞ்சும் என்று கேட்டாள். ஒன்றும் மிஞ்சாது என்று இவளும் ஒத்துக்கொண்டாள்.

அக்கா சொன்னது பொய்யில்லை. குடிவந்து நாலு மாதமாகப் புதுத்துணி என்று ஒரு முழம்கூட எடுக்கவில்லை. மூன்றாம் வாரம் வந்தாலே இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்தவளை எதிர்வீட்டு அம்மாள் நிறுத்தி, தன் வீட்டு ஃபேன் சுற்றவில்லை, ரிப்பேர் பார்க்க வேண்டும், சார் எங்கே என்று விசாரித்தாள். பழைய வீட்டில் அவன் கட்டிலில் இருக்கிறானா ஜன்னலோரம் இருக்கிறானா என்பதுவரை ஐந்து வருஷமும் இவளுக்குத் தெரிந்திருந்தது.

"எங்க போயிருக்கார்னு தெரியலையேம்மா" என்றாள்.

சொன்னதைத் தானே நம்ப முடியாமல், அதையே இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள்.