இருக்க விடுங்கள்

தொலைபேசி அடித்தபோது நிர்வாக நீதிமன்ற நீதிபதி சாரங்கா தியாகராசா ஓர் ஆப்பிளைப் பாதி கடித்திருந்தாள். அடுத்த விசாரணைக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. பேசியவர் திருமதி ரைனர்ட்ஸ்; சாரங்காவின் பெயரை முன்மொழிந்திருந்த கட்சியின் சட்டமன்றச் செயலாளர். வழக்கமாக வானிலையைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். அன்று வானிலை வரவேயில்லை.

"அட்டைகள் வந்திருக்கின்றன," என்றார் ஜெர்மனில்.

"என்ன அட்டைகள்?"

"அஞ்சலட்டைகள். ஒவ்வொரு உறுப்பினருக்கும் மூன்று, நான்கு. எல்லாம் கையால் எழுதியவை, எல்லாவற்றிலும் ஒரே வாசகம். கேளுங்கள். 'இந்த நீதிபதி எங்கள் தெருவைச் சேர்ந்தவர். தயவுசெய்து அவரை இங்கே இருக்க விடுங்கள்.'" ரைனர்ட்ஸ் அட்டையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "உங்களை யாராவது எங்கேயாவது அனுப்பப் போகிறார்களா, திருமதி தியாகராசா?"

சாரங்கா ஆப்பிளைக் கோப்பின் மேல் வைத்தாள். வைக்கக் கூடாத இடம்.

மாநில அரசமைப்பு நீதிமன்றத்தில் ஓர் இடம் காலியாகியிருந்தது. அதை நிரப்புவது சட்டமன்றம். இரகசிய வாக்கு, மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். கட்சிகள் ஆறு வாரம் மூடிய அறைக்குள் பேரம் பேசி, கடைசியில் அவள் பெயரில் வந்து நின்றிருந்தன. இந்தத் தேர்தலில் சுவரொட்டி கிடையாது, கூட்டம் கிடையாது. வேட்பாளர் கையைக் கட்டிக்கொண்டு தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இடம் வேண்டுமென்று ஆசைப்படுவதாகக் காட்டிக்கொண்டாலே பாதித் தோல்வி. இருபத்தோரு வருடம் கோப்புகளோடு மல்லுக்கட்டியவள் சாரங்கா. அந்த இடத்தை அவள் எவ்வளவு விரும்பினாள் என்பது கணவனுக்குக்கூட முழுதாகத் தெரியாது.

"எதிர்த்தரப்பு கேட்கிறது, வேட்பாளர் தன் இனத்தாரை ஏவிவிட்டு அழுத்தம் கொடுக்கிறாரா என்று. திங்கள் நண்பகலுக்குள் ஒரு கடிதம் அனுப்புங்கள். 'இந்தச் செயலிலிருந்து என்னை விலக்கிக்கொள்கிறேன்' என்று ஒரு வரி போதும். வியாழன் வாக்கெடுப்பு."

யார் வேலை என்று அவள் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை.

அன்று மாலை வேலை முடிந்ததும் பெற்றோர் வீட்டுக்குக் காரை விட்டாள். எழுபத்தொன்பது வயதுத் தியாகராசா சமையலறை மேசையில் உட்கார்ந்து தபால்தலை ஒட்டிக்கொண்டிருந்தார். எதிரே கோயில் சபைச் செயலாளர் புவனேந்திரன், மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டபடி முகவரி எழுதிக்கொண்டிருந்தார். நடுவே ஒரு சேலைக்கடைப் பை நிறைய அட்டைகள்.

"வா பிள்ளை. ரெண்டாம் சுத்து நடக்குது," என்றார் அப்பா.

"கோயில் ஐயரும் எழுதினவர் தங்கச்சி," என்றார் புவனேந்திரன் பெருமையாக. "அவற்ற கையெழுத்தைத்தான் ஒருத்தராலும் வாசிக்க ஏலாது."

"ஆரப்பா உங்களை இதைச் செய்யச் சொன்னது?"

"ஆரும் சொல்லோணுமோ? நீதானே சொன்னனீ, சட்டமன்றத்தில ஆக்கள் வோட்டுப் போடோணும் எண்டு. வோட்டெண்டால் கேக்கத்தானே வேணும்?"

"கேக்கக்கூடாது. நீதிபதிக்கு வோட்டுப் போடுங்கோ எண்டு ஒருத்தரும் கேக்கக்கூடாது அப்பா."

"நான் காசு குடுத்தனானே? கள்ள வோட்டே போட்டனான்? அட்டைதானே!"

அடுப்படியில் நின்ற அம்மா கமலநாயகி திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "பிள்ளையிட்ட ஒரு சொல்லுக் கேளுங்கோ எண்டு நான் முதலே சொன்னனான். முத்திரையை நக்கி நக்கி, ரெண்டு நாளா என்ர கறி ருசிக்கேல்லையாம் இவருக்கு."

புவனேந்திரனுக்குக் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று புரிந்துவிட்டது. "அப்ப நான் வாறன் அண்ணை," என்று கோட்டை எடுத்துக்கொண்டு நழுவினார்.

தியாகராசா எழுந்துபோய் அலுமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்தார். உள்ளே பழுப்பேறிய ஒரு தாள். தட்டச்சில் இரண்டே வரி. ஓரத்தில் ஒரு வெண்ணெய்க் கறை. சாரங்கா அந்தத் தாளைப் பற்றிக் கேட்டிருக்கிறாளே தவிர, பார்த்ததில்லை.

ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தெட்டு. அவளுக்கு எட்டு வயது. தஞ்சம் மறுக்கப்பட்டு, முப்பது நாளில் நாட்டைவிட்டுப் போகச் சொல்லி ஒரு கடிதம் வந்திருந்தது. அப்பா அப்போது தெருமுனை பேக்கரியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். பேக்கரிக்காரரின் மனைவி அந்தக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, கடைத் தட்டச்சு இயந்திரத்தில் இந்த இரண்டு வரியையும் அடித்து, பாண் வாங்க வந்த ஒவ்வொருவரிடமும் ஓர் அட்டையையும் பேனாவையும் நீட்டினாள். எழுதாதவருக்குப் பாண் இல்லை என்றாளாம். அது விளையாட்டுக்கா நிஜமாகவா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. தெரு முழுக்க எழுதியது. சட்டமன்றத்தின் மனுக் குழு விஷயத்தைக் கையிலெடுத்தது. குடும்பம் தங்கியது. இந்த நாட்டு அரசாங்கத்தைப் பற்றித் தியாகராசா நேரில் கற்ற பாடம் அது ஒன்றுதான்: அட்டை போட்டால் அசையும்.

"குடும்பம் எண்ட இடத்தில நீதிபதி எண்டு மட்டும் மாத்தினனான். மிச்சமெல்லாம் அந்த மனுசி எழுதினது. பிழை இருக்காது பிள்ளை," என்றார்.

சாரங்கா உட்கார்ந்தாள். திங்கட்கிழமைக் கடிதத்தைப் பற்றிச் சொன்னாள். ரைனர்ட்ஸ் கேட்ட அந்த ஒரு வரியையும் தமிழில் சொன்னாள். சொல்லும்போது அது ஜெர்மனில் இருந்ததைவிடக் கனமாக இருந்தது.

தியாகராசா தாளை உறைக்குள் திருப்பி வைக்க முயன்றார். மூலை மடங்கி, உள்ளே போக மறுத்தது.

"எழுது," என்றார் கடைசியில். "என்ர பேரையும் போட்டு எழுது. வயசு போன மனுசன், விளங்காமல் செய்திட்டுது எண்டு. நான் கையெழுத்து வைக்கிறன்."

அடுப்பில் கறி கொதித்தது. அம்மா தீயைக் குறைக்கவில்லை.

மறுநாள் நீதிமன்றத்தில் நாடுகடத்தல் வழக்கு ஒன்று. கோப்பின் பின்பகுதியில், நீல நாடாவால் கட்டி, அறுபத்திரண்டு கடிதங்கள்: அயலவர், ஆசிரியை, தலைமுடி வெட்டும் பெண், தேவாலயப் பாடகர் குழு. எல்லாக் கோப்புகளிலும் இப்படி ஒரு கட்டு இருக்கும். சட்டத்தின் தராசில் அவற்றுக்கு எடை இல்லை என்பதால் அவள் முதல் இரண்டைப் பார்த்துவிட்டு மிச்சத்தைத் தள்ளிவிடுவது வழக்கம். அன்று நாடாவை அவிழ்த்து அறுபத்திரண்டையும் வாசித்தாள். நாற்பது நிமிடம் ஆனது. தீர்ப்பு மாறவில்லை. மாற்ற வழியும் இல்லை. நாடாவைத் திரும்பக் கட்டும்போது முடிச்சு சரியாக விழவில்லை, மூன்று தரம் கட்டினாள்.

திங்கள் காலை பதினொன்றே காலுக்குக் கடிதம் போனது: அட்டைகளை அனுப்பச் செய்தவர் என் தந்தை. எனக்கு முன்கூட்டித் தெரியாது, தெரிந்திருந்தால் தடுத்திருப்பேன். மீதி அட்டைகள் அனுப்பப்பட மாட்டா. வாசகம், 1988இல் என் குடும்பத்துக்காக எங்கள் தெருவார் இதே சட்டமன்றத்துக்கு எழுதியது. மூலத்தின் நகல் இணைப்பில். அவ்வளவுதான்.

பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ரைனர்ட்ஸ் அழைத்தார்.

"ஒரு வரி குறைகிறது."

"தெரியும்."

"நம் கணக்கில் ஐந்து வாக்குதான் உபரி. அந்த வரி இல்லாவிட்டால் நாலோ ஐந்தோ போய்விடலாம். ஆறும் போகலாம்."

"தெரியும்," என்றாள் மறுபடி. தீர்ப்பு வாசிக்கும் அதே குரல். அது தொழில் கொடுத்த பழக்கம்.

வியாழக்கிழமை அவள் விடுப்பு எடுத்தாள். சகாக்கள் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதை அவளால் தாங்க முடியாது. பெற்றோர் வீட்டுக்குப் போனபோது தியாகராசா போடாமல் நின்றுபோன அட்டைகளின் மூலைகளைக் கத்தரித்து, ஒரு வட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்க விட்டிருந்தார். தபால்தலைகள் ஒவ்வொன்றாகக் கழன்று மேலே வந்தன.

"நல்ல முத்திரையள். எறிய மனம் வரேல்லை," என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"சுடுதண்ணி ஆறிப் போச்சு, மாத்துங்கோ," என்றாள் அம்மா.

சாரங்கா கோட்டைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் தண்ணீரிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் துவாயில் வரிசையாகப் பரப்பினாள். ஒருவரும் மணியைப் பார்க்கவில்லை. ஐந்தாவது வரிசை பாதி நிறைந்தபோது மேசையில் கிடந்த அவளுடைய தொலைபேசி, திரையில் ரைனர்ட்ஸின் பெயரோடு, அதிரத் தொடங்கியது. வட்டிலில் தண்ணீர் மெல்ல வளையம் வளையமாக ஆடியது. அவள் கையை நீட்டினாள். ஆட்காட்டி விரலில், ஈரத்தோடு, ஒரு தபால்தலை ஒட்டிக்கொண்டிருந்தது.