சூட்கேசோடு வந்த மாப்பிள்ளை

டமார்!

கோப்பு மேசைமேல் விழுந்த சத்தத்தில் பன்னிரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள்.

"றோங்!" என்றார் டினேஷ். "முழுக்க றோங். இவ்வளவு நேரம் நல்லாத்தானே போய்க்கிட்டு இருந்திச்சு?"

கரும்பலகையருகே நின்ற இர்ஷானா கையிலிருந்த சோக்கைக் கீழே வைக்கவில்லை.

ஏறாவூரில், கபூர் ஹாஜியாரின் வீட்டு முன்மண்டபத்தில் நடக்கும் பெண்களுக்கான ஆங்கில வகுப்பு அது. நடத்துவது கொழும்பில் உள்ள ஒரு நிறுவனம். ஆறு மாதமாக இர்ஷானா அதில் தற்காலிக ஆசிரியை. அவள் பாடம் நடத்துவதை மதிப்பிட்டுப் புள்ளி போடத்தான் அங்கிருந்து டினேஷ் வந்திருந்தார். தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால், திங்கட்கிழமையிலிருந்து கொழும்பில் இருக்கும் ஒருவர் திரையில் தோன்றிப் பாடம் நடத்துவார்.

"என்ட கட்டடத்துல ஒரு பிரச்சினையும் வராது சேர்" என்று காலையிலேயே இரண்டு தடவை உறுதி கொடுத்திருந்தார் ஹாஜியார்.

ஆங்கிலத்தில் எல்லோரும் குழப்பிக்கொள்ளும் வினைச்சொற்கள்தான் இன்றைய பாடம். ஒரு குடையை வைத்தே லெண்டையும் பொறோவையும் முடித்துவிட்டாள் இர்ஷானா. குடையை இரவல் கொடுத்த சபீனா லெண்ட். வாங்கிய கண்ணகை பொறோ. டினேஷ் சரி போட்டார். பிறகு இர்ஷானா தரையில் சோக்கால் ஒரு வட்டம் வரைந்து அதற்குள் நின்றாள்.

"இது நான் இருக்கிற இடம். இஞ்ச வாறதெல்லாம் கம். இஞ்ச இருந்து போறதெல்லாம் கோ. கையில சாமானோட வந்தா பிறிங். சாமானோட போனா டேக்."

அதற்கும் சரி போட்டார். கண்ணகைதான் கையை உயர்த்தினாள். செங்கலடியிலிருந்து பஸ் ஏறி வருபவள். வாய் சும்மா இருக்காது.

"உங்கட வாழ்க்கையில இருந்து ஒரு வசனம் சொல்லுங்க மிஸ். அப்பதான் மண்டையில ஏறும்."

இர்ஷானா யோசிக்கவேயில்லை. திரும்பி எழுதினாள். கல்யாணம் முடிந்ததும் மை ஹஸ்பண்ட் கம்ஸ் டு மை ஹவுஸ். ஹீ பிறிங்ஸ் ஹிஸ் சூட்கேஸ்.

அப்போதுதான் கோப்பு மேசைமேல் விழுந்தது.

டினேஷ் அச்சடித்த புத்தகத்தை விரித்துக் காட்டினார். "இங்க பாருங்க. கல்யாணம் முடிஞ்சா பொண்ணு புருஷன் வீட்டுக்குப் போறா. அது கோ. தன்ட சாமானைக் கொண்டு போறா. அது டேக். நீங்க ரெண்டையும் தலைகீழாப் போட்டிருக்கீங்க. இதையே பிரிக்கத் தெரியாதவங்க மத்தவங்களுக்கு எப்படிப் படிப்பிக்கிறது?"

"பிரிக்கத் தெரிஞ்சபடியாத்தான் இப்படி எழுதினன் சேர்."

"சேர், புத்தகம் எழுதினவரு மட்டக்களப்புப் பக்கமே வரயில்ல போல" என்றாள் கண்ணகை. பின்வரிசையில் சிரிப்பு.

டினேஷ் குரலைத் தணித்தார். கெட்ட மனிதர் அல்ல. மூன்றரை மணிக்குள் அறிக்கையை அனுப்ப வேண்டியவர். "மிஸ், மற்ற எல்லாத்துக்கும் நல்ல புள்ளி போட்டிருக்கேன். அந்த ரெண்டு வரியை அழிச்சிட்டு, புத்தகத்தில இருக்கிறதை எழுதுங்க. பாஸ் போட்டுட்டுப் போறேன்."

"எழுது புள்ள" என்று வாசலிலிருந்து அவசரப்படுத்தினார் ஹாஜியார். "ரெண்டு வரிதானே. டஸ்டர எடு. என்ட கட்டடத்துல பிரச்சினை வரப்படாது."

இர்ஷானா டஸ்டரை எடுத்தாள்.

பலகையைப் பார்த்தாள். காத்தான்குடியிலிருந்து கணவன் அஸ்கர் வந்த நாள் ஞாபகம் வந்தது. ஒரு கையில் சூட்கேஸ், மறுகையில் மேசை மின்விசிறி. அவளுக்கென்று கட்டிய வீட்டின் வாசலில், எந்தக் காலை முதலில் வைப்பது என்று தெரியாமல் நின்றான். தன்னைப் போனவளாக எப்படி எழுதுவது? அவள் நின்றது வாசலுக்கு உள்ளே அல்லவா?

பன்னிரண்டு பேனைகள் காத்திருந்தன. அவள் அழித்தால் அவர்களும் வெட்டிவிடுவார்கள்.

டஸ்டரைக் கொண்டுபோய் டினேஷின் கோப்பின்மேல் வைத்தாள். வெள்ளைத் தூசு பறந்தது.

"அழிக்க மாட்டன் சேர். புள்ளிய வெட்டுறதெண்டா வெட்டுங்க. இஞ்ச ஊடு பொம்புளப் புள்ளைக்குத்தான் குடுக்கிற. மாப்பிள்ளதான் வாறவர். நான் போகாத இடத்துக்குப் போனன் எண்டு எழுதினா அது இங்கிலீசு இல்ல, பொய்." வகுப்பின் பக்கம் திரும்பினாள். "கல்யாணம் முடிச்ச ஆக்கள்ல, ஆர்ர மாப்பிள்ள உங்கட ஊட்டுக்கு வந்த? கைய உயர்த்துங்க."

ஒன்பது பேர் கல்யாணமானவர்கள். ஒன்பது கைகளும் உயர்ந்தன.

"என்ட ஆள் சூட்கேசும் கொண்டு வரயில்ல மிஸ்" என்றாள் சபீனா. "சொப்பிங் பேக்குல உடுக்க ரெண்டு சாரன்."

"எங்கட தமிழ் ஆக்களும் அப்படித்தான் சேர்" என்றாள் கண்ணகை. "என்ட வீட்டுக்கு அவர் வந்து பதினொரு வருசம். இப்பவும் எந்த சுவிச்சு எந்த லைட்டுக்கு எண்டு என்னட்டத்தான் கேக்கிறார்."

சிரிப்பு அடங்கச் சற்று நேரமானது. டினேஷுக்கும் உதடு கோணியது. ஆனால் அவர் விடவில்லை.

"மாணவிகள் மிஸ்ஸுக்காகக் கை தூக்குவாங்க. அதை நான் அறிக்கையில எழுத ஏலாது." வாசல் பக்கம் திரும்பினார். "ஹாஜியார், நீங்க பெரிய மனுஷர். கட்டடச் சொந்தக்காரர். உங்க வீட்டையே எடுத்துக்கொள்ளுவம். கல்யாணம் முடிஞ்சு உங்க மிஸிஸ் இங்கதானே வந்தாங்க? நீங்க ஓமெண்டு சொன்னா, மிஸ் அழிக்கத்தான் வேணும்."

வீட்டுக்குள் போகும் வாசலின் திரைச்சீலை அசைந்தது. தேநீர்த் தட்டோடு ஹாஜியாரின் மனைவி நஸீறா வெளியே வந்தார். இவ்வளவு நேரமும் அவர் அங்கேதான் நின்றிருக்க வேண்டும். தேநீரில் ஆடை படிந்திருந்தது.

தட்டை மேசையில் வைத்தார். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, தரையிலிருந்த சோக்கு வட்டத்துக்குள் போய் நின்றார். நின்று, கணவரைப் பார்த்தார்.

ஹாஜியார் தொப்பியைக் கழற்றினார். தலையைத் துடைத்தார். திரும்பவும் போட்டுக்கொண்டார். அழிக்கப்படாத அந்த இரண்டு வரிகளையும் ஒருமுறை பார்த்துவிட்டு, தணிந்த குரலில் சொன்னார்:

"இது நஸீறாட ஊடு சேர்... ஓட்டமாவடியில இருந்து, நானும் ஒரு சூட்கேசோட வந்தவன்தான்."