முப்பதும் பன்னிரண்டும்

அப்பாவின் கருவிப் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். கரண்டி, ரப்பர் சுத்தியல், ரசமட்டம், கிழிந்த முழங்கால் பட்டை எல்லாம் தரையில் விழுந்து உருண்டன. அவருடைய அடையாள அட்டை மட்டும் விழவில்லை. அது இல்லாமல் இறப்பைப் பதிய மாட்டோம் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்களாம்.

"கிடைச்சுதாடி?" முன்னறையிலிருந்து அத்தை கத்தினாள்.

"தேடிட்டுதான் இருக்கேன்."

"படிச்ச புள்ளைக்கு ஒரு அட்டையைத் தேட இவ்வளவு நேரமா?"

முன்னறையில் அப்பா பெஞ்சில் கிடந்தார். நேற்று மதியம் வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சுற்றிலும் சொந்தக்காரர்கள். உயிரோடு இருந்தபோது "என்னய்யா பட்டதாரி, பரீட்சை எப்போ?" என்று நக்கலடித்த வாய்களெல்லாம் இப்போது "எப்பேர்ப்பட்ட அறிவாளி" என்று உச்சுக்கொட்டின. கேட்கக் கேட்க அவளுக்கு எரிச்சல் வந்தது. ஆனால் அந்த நக்கலில் அவளுக்கும் பங்குண்டு. பெரும்பங்கு.

தரைக்கு டைல்ஸ் போடுகிற மனுஷன், ஐம்பத்து மூன்று வயதில், தபாலில் கணக்குப் பட்டம் படித்தார். அவள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிற அதே கணக்கு. எண் கோட்பாட்டுத் தாளில் மூன்று முறை கோட்டை விட்டிருந்தார். சாப்பிட்ட தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, சிமெண்ட் அப்பிய விரலால் வரி வரியாகத் தொட்டுப் படிப்பார். உதடு அசையும். அவளுக்கு உடம்பு கூசும். வகுப்பில் முதல் மாணவி அவள். தோழிகள் வந்தால் அவருடைய புத்தகங்களைக் காலாலேயே கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவாள்.

பையின் பக்க உறைக்குள் கையை விட்டாள். அட்டை வந்தது. அதோடு ஒரு நோட்டும் வந்தது.

தெரிந்த நோட்டுதான். மூன்று வாரத்துக்கு முன் அவள் முன்னால் நீட்டினார்.

"பாப்பா, இது சரியான்னு பாரேன்."

அவள் செல்போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தப்பு."

"எந்த வரிம்மா?"

"அதையும் நான்தான் சொல்லணுமா? தப்புன்னா தப்பு."

நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டார். அவள் அதில் ஓர் எழுத்தைக்கூடப் பார்த்திருக்கவில்லை.

இப்போது பார்த்தாள். இரண்டு எண்கள். ஒன்பதால் வகுத்தால் இரண்டுக்கும் ஒரே மிச்சம். இரண்டுமே ஆறின் மடங்குகள். அதனால் இரண்டையும் ஆறால் வகுத்துச் சுருக்கிவிட்டு, மிச்சம் அப்போதும் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று மேலே போயிருந்தார். கோணல் எழுத்து. மறுபடி படித்தாள். இன்னொரு முறை படித்தாள். தப்பு எங்கேயும் இல்லை. போன வாரத் தேர்வில் அவளும் இப்படித்தான் சுருக்கியிருந்தாள்.

சரியான கணக்கையா தப்பென்று விரட்டினேன்?

"அந்தக் கணக்கா பாப்பா?"

அறை வாசலில் பல்லி நின்றிருந்தார். அப்பாவோடு இருபது வருடம் வேலை பார்த்தவர். சுவரில் டைல்ஸ் ஒட்டுவதில் கைகாரர் என்பதால் அந்தப் பெயர். சட்டையிலிருந்து சிமெண்ட் தூள் உதிர்ந்தது. இந்த ஆளுக்குக் கணக்கைப் பற்றி என்ன தெரியும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மூணு வாரமா எங்க உசிரை வாங்கிட்டாரு. 'எம் பொண்ணு தப்புன்னுட்டா, அப்ப எங்கேயோ தப்பு இருக்கு'ன்னு ஒரே புலம்பல். முந்தாநாள் பாதி போட்ட தரையில எங்களை டைல்ஸ் அடுக்க வச்சாரு. முப்பது டைல்ஸ், வரிசைக்கு ஒன்பது. மூணு மிச்சம். அப்புறம் பன்னெண்டு. அதுலயும் மூணு மிச்சம். மேஸ்திரி வந்து 'யோவ், இது என்ன பள்ளிக்கூடமா'ன்னு வாய்க்கு வந்தபடி திட்டுறாரு. இவரு காதுலயே வாங்கல."

"அப்புறம்?" குரல் அவளை அறியாமல் வந்தது.

"ஆறுல ஒரு பங்கை மட்டும் வைன்னாரு. முப்பதுக்கு அஞ்சு, பன்னெண்டுக்கு ரெண்டு. ஒரு வரிசைகூட நிறையல. அங்க அஞ்சு நிக்குது, இங்க ரெண்டு நிக்குது. 'மாட்டுச்சுடா பல்லி, மிச்சம் மாறிடுச்சு'ன்னு தொடையைத் தட்டிக் குதிக்கிறாரு, சின்னப் புள்ளையாட்டம்."

பக்கத்தைத் திருப்பினாள். ஒன்பது ஒன்பதாகக் கட்டங்கள். கீழே, 'ஆறுக்கும் ஒன்பதுக்கும் மூன்று பொது. அதனால் ஆறை அப்படியே அடித்துச் சுருக்கக் கூடாது.' அதற்கும் கீழே, அடிக்கோடிட்டு, 'பாப்பா சொன்னது சரி.'

"நீ ஒரே பார்வையில புடிச்சுட்டியாமே," என்றார் பல்லி. அவர் குரல் தணிந்திருந்தது. "எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அத்தை உள்ளே வந்து அட்டையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அவளுக்குத் தெரியாதா? அவ என்ன அவங்கப்பன் மாதிரி மரமண்டையா?"

"அதைத்தான் அவரும் சொன்னாரு," என்றார் பல்லி.

வெளியே வண்டி வந்து நின்றது. அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவள் வாசலுக்கு வந்தபோது, படிக்குக் கீழே குந்தியிருந்த வேலையாட்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். "தப்பைக் கண்டுபுடிச்சது இந்தப் பொண்ணுதான்," என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். இன்னொருவர் சிகரெட்டைக் காலடியில் போட்டு நசுக்கினார். வழியில் சிதறிக் கிடந்த செருப்புகளை வயதான ஒருவர் குனிந்து ஒவ்வொன்றாக ஓரம் தள்ளினார்.

வண்டி வரைக்கும் அவளுக்கு வழி விட்டு நின்றார்கள். அவள் படியிலேயே நின்றிருந்தாள்.