மாமனார் பேரைக் கத்திச் சொன்ன நாள்

என் மாமனார் பேரு காசிமாலி.

எழுதிட்டேன். எங்க கிர்கிஸ் வீடுகள்ல மாமனார் பேரு மருமக வாயில வரக்கூடாது. புருஷன் பேரு, அவரு கூடப்பொறந்தவங்க பேரு, எதுவும் கூடாது. என் வீட்டுக்காரரோட அண்ணன் பேருக்கு இரும்புன்னு அர்த்தம். அதனால கல்யாணமான நாள்ல இருந்து இரும்புச் சட்டி எனக்கு ‘கெட்டிச் சட்டி’தான். பனி ஏறுறப்ப பூட்ஸுக்கு அடில மாட்டுற இரும்புப் பல்லக்கூட ‘கெட்டிப் பல்லு’ன்னுதான் சொல்லுவேன். மலை ஏற வந்தவங்க சிரிப்பாங்க. சிரிச்சுட்டுப் போகட்டும்.

அக்-சாய் பனியாத்துல, பனிச்சுவர் ஏறியே பழகாதவங்கள ஏத்தி இறக்குறது என் வேலை. அவங்க ரெண்டு கையிலயும் பனிக்கோடாலி, இடுப்புல பட்டை, பட்டைல கயிறு. கயிறு மேல போயி வளைஞ்சு என் கைக்கு வரும். வழுக்கினா நான் பிடிச்சுப்பேன். மொத நாளே எல்லார்கிட்டயும் சொல்லிடுவேன்: “மேல அய்யா, அம்மா, சார் எதுவும் கிடையாது. பேர சொல்லிக் கத்துவேன். யாரு பேரோ அவங்க மட்டும் அசையணும்.” காத்து அடிக்கும், பனி முறியற சத்தம் கேக்கும். பேர சொன்னாத்தான் யாருக்குன்னு தெரியும்.

அங்க நான் முதல்ல சமையலுக்குத்தான் போனேன். கயிறு பிடிக்கக் கத்துக்கிட்டு, பரீட்சை எழுதி, ரெண்டு கோடைக்கு முன்னாடி இதுக்கு மாறினேன். வீட்டுக்காரருக்குத் தெரியும். அவங்க அப்பாவுக்குத் தெரியாது. இந்தக் கோடையில அவரோட சிநேகிதரு ஜுமாஷ் மாமா ஒரு வீடியோவ போன்ல கொண்டாந்து காட்டிட்டாரு. அதுல நான் ஒரு தடிமாடு மாதிரி ஆள பாத்து, “கால உதைடா! இன்னும் உதை!”ன்னு கத்திட்டு இருக்கேன்.

மாமனார் முழுசா பாத்தாரு. அப்புறம் சொன்னாரு, “இது சமையலா?”

“இல்ல மாமா.”

“நானே வந்து பாக்குறேன். ஜுமாஷும் வரட்டும், சாட்சிக்கு.” கிளம்பி வாசப்படி வரைக்கும் போயிட்டுத் திரும்பினாரு. “ஒண்ணு கேட்டுக்கோ மருமகளே. அங்க என் பேரு உன் வாயில ஒரு தடவ வந்தாலும், அன்னைக்கே கயிற இறக்கி வெச்சிடணும். அப்புறம் அந்தப் பக்கம் போகக்கூடாது.”

என் வீட்டுக்காரர் பக்கத்துல நின்னுட்டு செருப்பப் பாத்தாரு.

சுவர் ஏறப் போற நாளுக்கு முந்தின நாளே மலைக்குப் போயி கூடாரத்துல தங்கினோம். ரெண்டு பேரும் மலைல ஆடு மேய்ச்சவங்க, நடையில என்னையே முந்திட்டாங்க. காலைல பனிச்சுவத்துக்கிட்ட ஹெல்மெட் குடுத்தேன். மாமனாருக்குத் தன்னோட வெள்ளைத் தொப்பிய கழட்ட மனசில்ல. அந்த உயரத் தொப்பி மேல ஹெல்மெட் எப்படி உக்காரும்?

“இந்தச் சட்டிய நான் போடணுமா?”

“போடாட்டி ஏத்த மாட்டேன் மாமா.”

ஜுமாஷ் மாமா சிரிச்சாரு. “போடுடா. உன் மருமக குதிரை ஓட்டுறவன் மாதிரி அதட்டுறா.”

தொப்பிய ஜுமாஷ் மாமா கையில குடுத்துட்டு ஹெல்மெட் மாட்டினாரு. ஜுமாஷ் மாமாவுக்கும் ஒண்ணு மாட்டிவிட்டு, தள்ளி மூட்டையெல்லாம் வெச்ச எடத்த காட்டினேன். “மாமா, நீங்க இந்த எடத்த விட்டு வரக்கூடாது. ஏறுறவங்க கோடாலி போட்டா பனி துண்டு துண்டா கீழ வரும்.” தலைய ஆட்டினாரு.

மாமனார் நல்லாவே ஏறினாரு, அத சொல்லணும். பழகாதவங்க எல்லாரும் கையால தொங்கித் தொங்கியே ஓஞ்சு போவாங்க. அவரு கால நம்பி நின்னாரு. ரெண்டாள் உயரம் போனதும் திரும்பிப் பாத்து, “இதுக்கா இவ்வளவு கத்தல்?”னு கேட்டாரு.

நான் சுவத்துக்கு ஓரமா நின்னு கயிறு பிடிச்சிட்டு இருந்தேன். அப்பத்தான் பாக்குறேன், ஜுமாஷ் மாமா போன தூக்கிட்டு மாமனாருக்கு நேர் கீழ வந்து நிக்குறாரு. படம் பிடிக்கிறாராம்.

“மாமா, வெளிய வாங்க!”ன்னு கத்தினேன்.

ஜுமாஷ் மாமா அசையல, என்னப் பாத்து சிரிச்சாரு. மேல இருந்த மாமா அசைஞ்சாரு. தன்னத்தான் சொல்றேன்னு நெனச்சு, கோடாலிய விட்டுட்டு, சுவத்த விட்டு வெளிய சாஞ்சு கயித்துல தொங்கினாரு. ரெண்டு பேருமே எனக்கு மாமாதான. பேர சொல்லாட்டி இதுதான் நடக்கும்.

அதே நேரத்துல மேல வெயில் பட்ட விளிம்புல ‘டக்’குன்னு ஒரு சத்தம். வருஷக்கணக்கா கேட்டுப் பழகின சத்தம். அண்ணாந்து பாத்தேன். ஒரு பெரிய பனிப்பாளம் ஓரம் விட்டு நகருது.

“காசிமாலி! சுவத்துல ஒட்டு! தலைய தூக்காத! ஜுமாஷ், ஓடு! ஓடுய்யா!”

ஒட்டினாரு. பல்லி மாதிரி ஒட்டினாரு. ஜுமாஷ் மாமா கையில இருந்தத எல்லாம் போட்டுட்டு ஓடினாரு. பாளம் மாமனார் முதுக உரசாத குறையா போயி, கீழ விழுந்து நொறுங்குச்சு.

மெதுவா கீழ இறக்கினேன். கோடாலியால பனிய கொத்தி, அடில நசுங்கிக் கிடந்த வெள்ளைத் தொப்பிய எடுத்து அவர்கிட்ட நீட்டினேன்.

வாங்கினாரு. “என் பேர சொன்ன.”

“சொன்னேன்.”

“ஒட்டுன்னு சொன்ன. நாய்கிட்ட சொல்ற மாதிரி.”

“பாளம் நின்னு கேக்காது மாமா.”

“என்னமா கத்துறா! ஊருக்குப் போயி சொன்னா விழுந்து விழுந்து சிரிப்பானுங்க” என்றாரு ஜுமாஷ் மாமா. உதடெல்லாம் வெளுத்துப் போயிருந்துச்சு.

“சொல்லுங்க மாமா. எங்க நின்னீங்கன்னும் சேத்து சொல்லுங்க.”

கைய நெஞ்சுல கட்டிக் குனிஞ்சு நின்னு மன்னிப்பு கேக்கணும். அதுதான் முறை. மாமனாரும் அதுக்குத்தான் காத்துட்டு நின்னாரு. நான் கயிற சுருட்ட ஆரம்பிச்சேன்.

அன்னைக்கே இறங்கி வீடு வந்தோம். சாப்பாட்டு விரிப்பச் சுத்தி எல்லாரும் உக்காந்ததும் மாமனார் ரொட்டியப் பிச்சுக்கிட்டே சொன்னாரு, “நாளைல இருந்து இவ போக மாட்டா. பேசினது பேசினதுதான்.”

“போவேன்”னு சொன்னேன்.

என் வீட்டுக்காரர் இந்தத் தடவ தட்டப் பாத்தாரு. ஆனா தட்டப் பாத்துக்கிட்டே, “அவ கத்தாட்டி நாம இப்ப எழவுச் சாப்பாடு சாப்பிட்டுட்டு இருப்போம்பா” என்றாரு. அவருக்கு அதுவே பெரிய பேச்சு.

அத்தை, அதான் என் மாமியார், டீ ஊத்திட்டு இருந்தாங்க. டீ ஜாடிய கீழ வெச்சாங்க.

“நிஜமாவே பேர சொன்னியா?”

“சொன்னேன் அத்தை.”

“சத்தமாவா?”

“பனியாறு முழுக்க கேட்டிருக்கும்.”

“வானம் இடிஞ்சு விழுந்துச்சா?”

“பனிதான் விழுந்துச்சு.”

அத்தை கல்யாணமாகி வந்ததுல இருந்து அந்தப் பேர சொன்னதில்ல. ‘இந்த ஆளு’, ‘பெரியவன் அப்பா’ இப்படித்தான். டீ ஜாடிய மறுபடி எடுத்தாங்க. எங்க ஊர்ல டீய பாதிக் கிண்ணந்தான் ஊத்துவோம், திரும்பத் திரும்ப. விளிம்பு வரைக்கும் ஊத்தினா ‘போதும், எந்திரி’ன்னு அர்த்தம். அத்தை மாமனாரோட கிண்ணத்த நிறைச்சாங்க. விளிம்புல தளும்பி விரிப்புல சிந்துச்சு.

“காசிமாலி, டீ எடுத்துக்கோ” என்றாங்க.

மாமனார் வாய்க்குப் போன ரொட்டி அப்படியே நின்னுருச்சு. அத்தை அவரு மேல இருந்து கண்ண எடுக்கல. யாரும் சிரிக்கல. மாமனார் கிண்ணத்த சிந்தாம தூக்கிக் குடிச்சாரு. கயித்தப் பத்தி அதுக்கப்புறம் பேச்சே எடுக்கல.

என்னோடயும் பேசல. இன்னைக்கு வரைக்கும் சரியாப் பேசல. அதுக்காக நான் ஒண்ணும் குனியப் போறதில்ல.

மறுநாள் காலைல கயிற தோள்ல போட்டுட்டு வெளிய வந்தேன். அத்தை தொழுவத்துல இருந்து கத்தினாங்க, நல்லாப் பழகின குரல்ல:

“காசிமாலி! மாட்டுக்குத் தண்ணி வெச்சியா?”

நான் வண்டி ஏறப் போனப்ப, கிணத்துப் பக்கம் வாளி சத்தம் கேட்டுச்சு.