வாசலில் விட்ட ஒற்றைச் செருப்பு

முந்நூறு மீட்டர். கோவர்த்தனனுக்கும் மனிதர் கூட்டத்துக்கும் இடையே கிடந்த தூரம் அவ்வளவுதான். ஆறு நிமிடத்தில் அதை நடந்து காட்டி, மருத்துவ மையம் கையெழுத்திட்ட சீட்டைக் கொண்டுவந்தால் சித்தூர் மாம்பழக்கூழ் ஆலையில் காய் தரம்பிரிக்கும் பழைய வேலை மீண்டும் கிடைக்கும். இருநூறு பேரின் இரைச்சலுக்கு நடுவே நிற்கலாம். இல்லையேல் இந்த ஆண்டும் சுவரைப் பார்த்தே கழியும்.

பலமனேர் சாலையில் தக்காளி லாரி மோதி, வலக்கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. மனைவி அதற்கு முன்பே இறந்துவிட்டாள், பிள்ளை இல்லை. கால் போனவரைப் பார்க்க முதல் மாதம் ஊரே வந்தது. இரண்டாம் மாதம் தெரு வந்தது. மூன்றாம் மாதம் பால்காரர் மட்டும் வந்தார். பிறகு அவரும் பாலை வாசற்படியில் வைத்துவிட்டுப் போகத் தொடங்கினார்.

திருப்பதியில் ஒரு மறுவாழ்வு மருத்துவ மையம், செயற்கைக் கால் பொருத்தியவர்களின் நடைத்திறனை ஆராய்ந்துவந்தது. முப்பத்தொரு பேர், மாதம் ஒரு சோதனை. நீண்ட தாழ்வாரத்தின் இரு முனைகளிலும் வைத்த ஆரஞ்சுக் கூம்புகளைச் சுற்றிச் சுற்றி ஆறு நிமிடம் நடக்கவேண்டும். காட்பாடியிலிருந்து நாள்தோறும் ரயிலில் வரும் இயன்முறை மருத்துவர் கௌசிகா கடிகாரத்தோடு நிற்பாள். நடக்கையில் பேச்சுக் கொடுக்கக்கூடாது என்பது ஆய்வின் விதி. நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே வாக்கியம் மட்டும் சொல்லலாம்: “நல்லா நடக்கிறீங்க. இன்னும் நாலு நிமிஷம் இருக்கு.”

மாதம் முழுவதிலும் கோவர்த்தனனை நோக்கி ‘நல்லா’ என்று சொன்ன குரல் அது ஒன்றுதான்.

ஏப்ரல் மாதச் சோதனை ஒரு சனிக்கிழமை வந்தது. “இன்னிக்கு சாயங்காலம் ஆலையில ஆளெடுக்குற லிஸ்ட்ட மூடுறாங்கம்மா. இத்த வுட்டா அடுத்த சீசன்தான்” என்றார் கோவர்த்தனன்.

“போன மாசம் எவ்ளோ அண்ணா?”

“இருநூத்தி அறுபத்தெட்டு. அதுக்கு முன்னாடி இருநூத்தி எழுபது. நான் ரிவர்ஸ் கியர்ல போய்க்கினு இருக்கேன் போல.”

கௌசிகா சிரித்தாள். அவர் நடந்தார். வேர்வை கண்ணில் வழிய, கூம்புகளை மாறிமாறிச் சுற்றினார். முடிவில் அவள் குனிந்து அளந்தாள். நிமிரும்போதே முகம் சொல்லிவிட்டது. இருநூற்று எழுபத்திரண்டு.

“எங்க வூட்டாண்ட இத்தவிட நல்லா நடக்கறேம்மா. மார்க்கெட் வரைக்கும் போய்க்கினு வரேன். இங்க வந்தா மட்டும் இந்தக் கட்டக்காலு நீளமாப் போவுது.”

அவருக்குத் தண்ணீர் எடுக்க வெளியே வந்த கௌசிகா கதவருகே நின்றுவிட்டாள். அங்கே ஓர் இடக்காற் செருப்பு கிடந்தது, கோவர்த்தனனுடையது. அதனருகே, அடுத்த சோதனைக்குக் காத்திருந்த பச்சையம்மாளின் வலக்காற் செருப்பு. அப்பால் இன்னொன்று. ஒன்றுக்கும் இணை இல்லை. மேலே, புதுத் தரை பதித்த நாளில் மாட்டிய பலகை: நோயாளிகள் காலணிகளை வெளியே விடவும்.

செயற்கைக் காலின் உயரம், மறுகாலிலும் செருப்பு இருக்கும் என்ற கணக்கில் அமைக்கப்பட்டது. செயற்கைப் பாதத்தில் வாரிட்டு இறுக்கிய செருப்பை எளிதில் கழற்ற முடியாது. ஆகவே கழற்ற முடிந்த காலை மட்டும் வெறுங்காலாக்கி, ஓர் அங்குலம் குட்டையாக்கிக்கொண்டு, அத்தனை பேரும் பணிவோடு உள்ளே வந்திருக்கிறார்கள். பதினொரு மாதங்களாக!

மருத்துவர் காலணியோடு நடந்தார். செவிலியர் காலணியோடு நடந்தார். நடக்கத் தவித்தவர் மட்டும் செருப்பை வாசலில் விட்டார்! சந்நிதியில் வளைந்து பழகிய முதுகு, பலகையைக் கண்ட இடத்திலும் வளைந்தது. ஏன் என்று வளைந்தவரும் கேட்கவில்லை. வளைந்தவரை அளந்தவரும் கேட்கவில்லை.

கௌசிகா தன் காலைப் பார்த்தாள். ஷூ போட்டிருந்தாள்.

இடக்காற் செருப்பைக் கையிலெடுத்துக்கொண்டு அவள் உள்ளே வந்ததும் கோவர்த்தனன் பதறினார். “அய்யய்யோ, நீ ஏம்மா அத்தப் போயி தொடற?”

“போட்டுக்கினு நடங்க அண்ணா.”

“பலகை இருக்குதே?”

“பலகைய நான் பாத்துக்கறேன்.”

அரைமணி ஓய்வுக்குப் பின் நடந்தார். கால்கள் இரண்டும் ஒரே பேச்சைப் பேசின. “நல்லா நடக்கிறீங்க” என்ற குரல் இம்முறை விதிக்காக ஒலித்ததாகத் தெரியவில்லை. முந்நூற்றுப் பத்தொன்பது!

ஆலை மேற்பார்வையாளர் ஜெயபிரகாஷை அழைத்தார். “முந்நூத்தி பத்தொம்போது வந்துச்சுப்பா! சீட்டோட வரேன்.”

மறுமுனையில் ஜெயபிரகாஷ் குரலைத் தாழ்த்தினார். “அண்ணே, போன மாசம் நீங்க குடுத்த சீட்டப் பாத்துட்டு நேத்தே மேனேஜரு உங்க பேர அடிச்சுட்டாரு. வேற ஆளு சேந்தாச்சு. இன்னா பண்றது சொல்லுங்க? அடுத்த சீசன் பாக்கலாம்.”

கோவர்த்தனன் கைபேசியைச் சட்டைப்பையில் வைத்தார். இரண்டு முறை தவறி, மூன்றாம் முறைதான் அது உள்ளே போயிற்று.

“நான் மேனேஜருக்கு எழுதறேன் அண்ணா. தப்பு எங்களோடது. முப்பத்தோரு பேரோட அளவும் தப்புன்னு ஆய்வுக் குழுவுக்கும் எழுதணும்.”

“எழுதும்மா. முப்பத்தோரு பேர்ல இன்னும் எத்தினி பேரு பேர அடிச்சாங்களோ.” அவர் எழுந்தார். “மொதல்ல அந்தப் பலகைய எடு.”

கௌசிகா எம்பிப் பலகையைக் கழற்றினாள். சுவரில் வெள்ளையாய் ஒரு கட்டம் மிஞ்சியது. உள்ளே அழைக்கப்பட்ட பச்சையம்மாள் பழக்கத்தால் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு எழுந்து வந்தாள். “போட்டுக்கினு போ தாயீ” என்றார் கோவர்த்தனன். அவள் அவரையும் சுவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு அஞ்சி அஞ்சி உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது.

பேருந்து நிலையம்வரை அவர் நடந்தே போனார். வழியில் நிமிடத்துக்கு ஒருமுறை காது எதையோ எதிர்பார்த்தது. தெருவெல்லாம் ஆட்கள், யாரும் எதுவும் சொல்லவில்லை.

சித்தூர் பேருந்தில் நடத்துநர், எத்தனை பேர் என்று தெலுங்கில் கேட்டார்.

“ஒக்கடே”, ஒருவன் மட்டுமே என்று கோவர்த்தனன் ஒரு விரலைக் காட்டினார்.