இரண்டு கையும் தெரிய வேண்டும்

பிப்ரவரி மாதத்தின் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலை, கூடத்து ஜன்னலோரம் இருந்த பழைய கணினி இயங்கவில்லை.

அதற்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் அக்கா. பிறவியிலிருந்தே காது கேளாதவள். ஒரு பேக்கரியில் கேக்குகளுக்கு க்ரீம் பூ வேலை செய்கிறாள். தம்பியின் குடும்பத்தோடு இருக்கிறாள். ஞாயிறுதோறும் அந்தக் கணினியில், வேறு ஊரில் இருக்கும் பள்ளித் தோழியோடு சைகை மொழியில் பேசுவாள். சைகையில் அந்தத் தோழியின் பெயர், ஒரு விரலைக் கன்னத்தில் வைத்துத் திருகுவது. எழுத்தில் கன்னக்குழி என்று சொல்லலாம்.

வீட்டில் எல்லாருக்கும் அக்கா இப்படி ஒரு பெயர் வைத்திருந்தாள். தம்பிக்குக் கொட்டாவி. தம்பி மனைவிக்கு, காதில் பேனா செருகுவது. தம்பி மனைவியின் அண்ணன் அடிக்கடி வந்துபோகிறவன்; தம்பிக்கு மச்சான். அவனுடைய பெயர், ஐந்து விரல்களும் வாய்போல ஓயாமல் சேர்ந்து பிரிவது. ஒருநாள் அது என்னவென்று அவன் கேட்டபோது, "அறிவாளி" என்று அவன் தங்கை சொல்லிவிட்டாள். அன்று முதல் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது அவனே அந்தச் சைகையைப் பெருமையாகச் செய்து காட்டுகிறான்.

கணினி போன பிறகு அக்கா கைப்பேசியில் பேசிப் பார்த்தாள். ஒரு கை கைப்பேசியைப் பிடித்துக்கொள்ள, பேச்சுக்கு மிஞ்சியது ஒரு கை. காது கேட்கும் ஒருவர் பாதி வாயைப் பொத்திக்கொண்டு பேசுவதுபோல்தான் அது. சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தால், ஆர்வமாகக் கையை வீசியதும் மேசை அதிர்ந்து கைப்பேசி குப்புற விழுந்தது. கன்னக்குழிக்குப் பாதி புரியவில்லை. மறுமுறை கேட்டாள், அடுத்த வாரம் மறுமுறை கேட்பதையும் விட்டுவிட்டுச் சும்மா தலையாட்டினாள். அதற்கடுத்த வாரம் ஒரு குறுஞ்செய்தி மட்டும் வந்தது: "இப்படிக் கஷ்டப்படுறதுக்கு இனிமே டைப் பண்ணிக்கலாமே."

அக்கா அதைத் தம்பி மனைவியிடம் காட்டினாள். எழுத்து அவளுக்குப் பள்ளிக்குப் போய்க் கற்ற இரண்டாவது மொழி. பேக்கரியில் ஆர்டர் படிக்க அது போதும். கன்னக்குழியிடம் கிண்டல் செய்யவும் கோபித்துக்கொள்ளவும் போதாது.

"டைப் பண்ண ஆரம்பிச்சா 'சாப்பிட்டியா, தூங்கினியா'ன்னு நின்னுடும்" என்று அக்கா கையால் சொன்னாள். "நாலு மாசத்துல அதுவும் நின்னுடும்."

புதுக் கணினி வாங்குவது அன்றைக்கே முடிவானது. எதை வாங்குவது என்பதில்தான் வீடு இரண்டாகப் பிளந்தது.

தம்பி விளம்பர நிறுவனத்தில் வடிவமைப்பாளன். மேக் தவிர வேறெதையும் தொடமாட்டான். மச்சான் ஒரு பெரிய அலுவலகத்தின் கணினிகளைப் பராமரிக்கிறவன்; அவன் கட்சி பிசி. சனிக்கிழமை மாலை இருவரும் தங்கள் தங்கள் மடிக்கணினியோடு சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அக்கா ஒரு பக்கம், அவளுக்கு எதிரில் தம்பி மனைவி. ஆண்கள் பேசுவதையெல்லாம் அவள் உடனுக்குடன் கையில் அக்காவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மச்சான், இதை வாங்கினா வாங்கின அன்னிக்கு இருக்கிற மாதிரியே அஞ்சு வருஷம் இருக்கும். வைரஸ், கைரஸ்னு தலைவலி கிடையாது."

"மாப்ள, உன்னுதுல ஒரு பாகம் போச்சுன்னா முழுசா தூக்கிக் கொடுத்துட்டு வாசல்ல உட்காரணும். என்னுதுன்னா திருகாணியைக் கழட்டினோமா, மாத்தினோமான்னு போயிட்டே இருக்கலாம்."

"கழட்டிக்கிட்டேதான் இருப்பீங்க."

"சரி, இதைக் கேளு." மச்சான் ஒரு பாட்டைப் போட்டான். "ஸ்பீக்கர் எப்படி? மேசையே அதிருது பாரு."

"உங்க ஃபேன் சத்தம்தான் அதிருது. இப்ப இதைக் கேளுங்க." தம்பி அதே பாட்டைத் தன்னுடையதில் போட்டான். "சின்ன சத்தம் இருக்கா? ஃபேனே ஓடாது. கேட்டீங்களா, வயலின் தனியா கேக்குது."

இருவரும் காதைச் சாய்த்து, கண்ணை மூடி, மாற்றி மாற்றிக் கேட்டார்கள். தம்பி மனைவி இதையும் ஒன்று விடாமல் கையில் சொன்னாள். அக்கா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் மேசையை ஓங்கித் தட்டினாள். இருவரும் நிமிர்ந்தார்கள்.

"இந்த மெஷின் யாருக்கு வாங்குறீங்க?"

தம்பி மனைவி அதை வாய்விட்டுச் சொன்னபோது மச்சான் பாட்டை நிறுத்தினான்.

"நாளைக்குக் கடைக்குப் போலாம். ரெண்டுலயும் நான் அவகூடப் பேசிப் பார்க்கணும்" என்றாள் அக்கா.

கடையில் மேக் ஒரு பக்கமும் பிசிகள் எதிர்ப் பக்கமுமாக நீண்ட மேசைகளில் அடுக்கப்பட்டிருந்தன. விஷயத்தைக் கேட்ட விற்பனையாளர், "தாராளமா பேசிப் பாருங்க மேடம்" என்று முதலில் மேக்கில் இணைப்பைப் போட்டுக் கொடுத்தார். கன்னக்குழிக்கு முன்பே சொல்லி வைத்திருந்ததால் உடனே வந்தாள். படம் கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது. அவள் காதில் போட்டிருந்த கல் தோட்டின் நிறம்கூடத் தெரிந்தது. அக்கா புருவத்தை உயர்த்தி, தம்பியைப் பார்த்து மெச்சுதலாகத் தலையசைத்தாள். பிறகு பேசத் தொடங்கினாள். கன்னக்குழி உடனே நிறுத்தினாள்.

"உன் மூஞ்சி நல்லாத்தான் இருக்கு. கை எங்கடி?"

கேமரா முகத்தைத் தேடிப் பிடித்துப் பெரிதாக்கிக் காட்டிக்கொண்டிருந்தது. நல்லதென்று நினைத்து அந்த வசதியைப் போட்டுவிட்டிருந்தவர் விற்பனையாளர்தான். எதிர்ப் பக்கத்தில் பிசியிலும் அதையே செய்தார். கூடவே, பின்னால் கடை தெரியாமலிருக்கப் பின்னணியை மங்கலாக்கினார். அக்கா கையை விரித்தபோது விரல்நுனிகளும் பின்னணியோடு சேர்ந்து கரைந்தன.

"எல்லாத்தையும் அணைச்சிடுங்க" என்றாள் தம்பி மனைவி. "இவங்களுக்கு முகத்துல பாதிப் பேச்சு, கையில பாதிப் பேச்சு."

விற்பனையாளர் இரண்டிலும் அணைத்தார். அதன் பிறகு அக்கா செய்ததை அந்தக் கடையில் யாரும் செய்து பார்த்திருக்க மாட்டார்கள். நாற்காலியைத் தள்ளிவிட்டுத் திரையைப் பார்த்தபடியே பின்னால் நடந்தாள். கைகளை இரண்டு பக்கமும் நீட்டி, முழங்கைகள் கேமராவின் சட்டத்துக்குள் வரும் இடத்தில் நின்றாள். அங்கிருந்து பார்த்தபோது மடிக்கணினித் திரையில் கன்னக்குழி தபால்தலை அளவுக்குச் சுருங்கியிருந்தாள். அக்கா கடையைச் சுற்றிப் பார்த்து, சுவரோரம் இருந்த இருபத்தேழு அங்குலத் திரையைக் கை காட்டினாள். அதை முதலில் மேக்கோடும் பிறகு பிசியோடும் இணைத்தார்கள். தனிக் கேமரா ஒன்றையும் திரைமேல் வைத்தார்கள்.

இப்போது இரண்டு தோழிகளும் ஏறக்குறைய ஆளளவில் எதிரெதிரே நின்றார்கள். அக்கா, போன வாரம் பேக்கரியில் சரிந்த மூன்றடுக்குக் கேக்கைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். இடது உள்ளங்கையில் தட்டு வந்தது. வலது கை அதன்மேல் ஒவ்வோர் அடுக்காக வைத்தது. கடைசி அடுக்கு மயிரிழை சாய்ந்தது. அக்காவின் இடது கண்ணும் அதோடு சேர்ந்து சாய்ந்தது. முதலாளி கதவைத் திறந்துகொண்டு வந்தார்: மீசை, தொப்பை, வாயில் பாக்கு, எல்லாம் அவள் தோளை ஒருமுறை குலுக்கியதில் வந்து நின்றன. கேக் விழுந்தபோது விரல்கள் நெளிந்து நெளிந்து க்ரீமாக வழிந்தன. திரையில் கன்னக்குழி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் சார்ஜர் வாங்க வந்திருந்தவர் வாங்காமல் நின்றார். ஒரு சைகையும் அறியாத விற்பனையாளர் சரியான இடத்தில் சிரித்தார்.

"எல்லாம் தெரியுதா?" என்று அக்கா கேட்டாள்.

"க்ரீம் எந்த விரல்ல வழிஞ்சுதுன்னுகூடத் தெரியுது" என்றாள் கன்னக்குழி. "டைப்பிங்கை விட்டுத் தள்ளு."

இரண்டு கணினிகளும் ஒன்றுக்கொன்று சளைக்காமல் பாஸாகிவிட்டன. தம்பிக்கும் மச்சானுக்கும் இது பெரிய சங்கடம்.

"மேக்ல நிறம் இன்னும் சுத்தமா இருந்துது, இல்ல?" என்றான் தம்பி.

"பிசியில கை வேகமா வீசினப்பவும் நின்னு தெரிஞ்சுது, கவனிச்சியா மாப்ள?"

அக்கா இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். "இது ஒரு ஞாயித்துக்கிழமை காலையில திறக்கலைன்னா யார் வந்து பார்ப்பீங்க?"

"நான்தான்" என்றான் தம்பி.

"இவர் ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்குத்தான் கண்ணையே திறப்பார்" என்று மனைவி மொழிபெயர்ப்பில் தன் பங்கையும் சேர்த்தாள்.

"அக்கா, நான் வர்றேன்" என்றான் மச்சான். "ஒரு போன் போடுங்க, வண்டியை எடுத்துட்டு வந்துடுவேன்." சொல்லிவிட்டு, யாரைப் போன் போடச் சொன்னோம் என்பது உறைத்ததும் காது சிவந்தான். அக்கா அவன் தோளைத் தட்டினாள். அவன் வருவான் என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. வந்து, என்ன கோளாறு என்பதை அவளுக்கு விளக்க அவன் கையில் இருந்தவை மொத்தம் ஏழெட்டுச் சைகைகள். அவற்றில் ஒன்று அவனுடைய பெயர்.

அக்கா தம்பி மனைவியின் பக்கம் திரும்பினாள். நேற்று மாலையிலிருந்து இரண்டு பேரின் வாதத்தையும் ஒரு சொல் சிந்தாமல் அவளுக்குக் கொண்டுவந்து சேர்த்தவள் அவள்தான். இந்த வீட்டுக்கு வந்த பிறகு சைகை கற்றுக்கொண்டு, இப்போது கூடப் பிறந்தவனைவிடச் சரளமாகப் பேசுகிறவள். எது வாங்கலாம் என்று அவளை இதுவரை யாரும் கேட்கவில்லை.

"உன் ஆபீஸ்ல என்ன இருக்கு?"

தம்பி மனைவி ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். "பிசி, அண்ணி."

"கெட்டுப்போனா?"

"பாதி நேரம் நானே சரி பண்ணிடுவேன். கம்ப்யூட்டர்காரர் வர ரெண்டு நாள் ஆகும்ல."

"என்ன ஆச்சுன்னு எனக்குச் சொல்லிக்கொடுப்பியா?"

"ஒருதடவை சொல்லுவேன். அடுத்த தடவை நீங்களே பண்ணிக்கணும்."

அக்கா விற்பனையாளரைப் பார்த்து எதிர்ப் பக்க மேசையைக் காட்டினாள்.

"அடிப்பாவி, அண்ணன் கட்சின்னு ஒருவார்த்தை சொல்லலையே!" என்றான் தம்பி.

"கட்சியெல்லாம் இல்லைங்க. என்னை யாரு கேட்டீங்க?"

மச்சான் வெற்றி பெற்ற முகத்தோடு நின்றான். தான் ஜெயித்ததாக அவன் சொல்லிக்கொள்வதை யாரும் திருத்தவில்லை.

செவ்வாய்க்கிழமை பிசியும் பெரிய திரையும் வீட்டுக்கு வந்தன. தம்பி மனைவி அலுவலகம் முடிந்து வந்து அவற்றை இணைத்தாள். அக்கா பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் பிடுங்கித் தானே ஒருமுறை இணைத்தாள். நாற்காலி சுவரோரம் தள்ளிப் போடப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கன்னக்குழி அழைத்தாள். பேச்சு மதியம் வரை நீண்டது. அன்றைய சமையலைத் தம்பி செய்தான்.