நெப்டியூன் வாசலின் கடைசித் தாள்

அண்டபேரண்டன் என்ற பெயரில் எழுதியவரை இன்றைக்கு யாருக்கும் தெரியாது. ராக்கெட், வேற்றுக்கிரகம் என்று வாரப் பத்திரிகைகளில் எழுதித் தள்ளிவிட்டுப் போய்ச் சேர்ந்தவர். அவர் எழுதிய அச்சுத் துண்டு எந்தச் சந்தில் கிடந்தாலும் மோப்பம் பிடித்துப் போகிற பைத்தியங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் இரண்டே பேர். ஒருவர் பூதலூரில் உரக்கடை வைத்திருந்த ஜெகபர் அலி பாய். மற்றவர் திருவையாற்று நல்லக்கண்ணு, வேளாண்மைத் துறையில் ஓய்வு பெற்றவர். உரக்கடையைச் சோதனை போட வந்த அதிகாரி, கல்லாவுக்குப் பின்னால் ஒரு புத்தகத்தைப் பார்த்து வந்த வேலையை மறந்தார். அன்றிலிருந்து இருவரும் சிநேகம். வெளியே அப்படித்தான் சொல்லிக்கொள்வார்கள். உள்ளே இருந்தது வயிற்றெரிச்சல்.

பாயிடம்தான் சரக்கு அதிகம். ஆசிரியர் கையெழுத்துப் போட்ட முதல் பதிப்பு, வாரா வாரம் தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்துத் தைத்த பைண்டிங்குகள், எல்லாம் அங்கே. அவற்றைத் தொட வேண்டுமென்றால் நல்லக்கண்ணு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கழுவிய கையை பாயிடம் விரித்தும் காட்ட வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு தடவையும் காட்டினார், பல்லைக் கடித்துக்கொண்டு.

பாயிடமும் ஒன்று இல்லை. ‘நெப்டியூன் வாசல்’ தொடரின் கடைசி வாரம். அதற்கு முந்தின வாரம், விண்கலத்தைப் பழுது பார்க்க வெளியே வந்த கயல் என்ற பெண்ணை விட்டுவிட்டுக் கதவு பூட்டிக்கொள்கிறது. மூச்சுக்காற்று தீரப் போகிறது. அடுத்த இதழில் முடியும் என்று போட்டிருந்தார்கள். அந்த அடுத்த இதழோடு பத்திரிகையையே மூடிவிட்டார்கள்; பல ஊர்களுக்கு அது வந்தே சேரவில்லை. கயல் பிழைத்தாளா என்று தெரியாமலே பாய்க்குத் தலை நரைத்தது. பிறகு சர்க்கரை முற்றி இரண்டு கண்ணும் போயிற்று.

போன மாதம் சீர்காழியில், ஒரு பழைய பேப்பர் கடையில், அந்த இதழ் நல்லக்கண்ணு கையில் சிக்கியது. நின்ற நிலையில் படித்து முடித்தார். பாய்க்குப் போன் போட்டு, “இன்னும் நானே படிக்கல பாய், ஒங்க முன்னாலதான் படிப்பேன்” என்று பெருந்தன்மையாக ஒரு பொய்யும் சொன்னார்.

“என்கிட்ட இருக்குற எல்லாத்தையும் எடுத்துக்கங்க சார். குருடனுக்கு எதுக்குப் புத்தகம்? அந்தக் கடைசி வாரத்தை மட்டும் படிச்சுக் காட்டிருங்க. கயலு உள்ள போனாளான்னு தெரிஞ்சா போதும்.”

நல்லக்கண்ணு காரை எடுத்துக்கொண்டு போனார். பாயின் மகள் ஹுமைரா புத்தகங்களை அட்டைப்பெட்டிகளில் கட்டி வாசலில் அடுக்கியிருந்தாள். பாய் பெருநாளுக்குக் கிளம்புகிறவர் மாதிரி வெள்ளைச் சட்டை போட்டு, அத்தர் பூசி உட்கார்ந்திருந்தார்.

நல்லக்கண்ணு படித்தார். கயல் கதவைத் தட்டத் தட்ட, பாயின் விரலும் நாற்காலிக் கையைத் தட்டியது. கடைசித் தாள் வந்ததும் நல்லக்கண்ணு நிறுத்தினார். இந்த முடிவு தெரிந்தவன் இப்போதைக்கு நான் ஒருவன். படித்துவிட்டால் இரண்டு பேர் என்று கணக்குப் போட்டார். வைக்கோல்போரில் படுத்த நாய்க்குக்கூடக் கொஞ்சம் நியாயம் இருக்கும், அது யாரிடமும் விலை வாங்கிக்கொண்டு மறிக்கவில்லை. இதழைத் தைத்திருந்த கம்பி துருப்பிடித்துக் கழன்றிருந்தது. தாளைச் சத்தமில்லாமல் உருவித் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

“பாய், கடைசித் தாளைக் காணோமே. பழைய புத்தகம், நழுவி விழுந்துருச்சு போல.”

பாய் பதறிப்போனார். “ஹுமைரா! கண்ணு தெரியிறவ நீ பாரும்மா. இங்கதான் எங்கயாவது கெடக்கும்.”

டீயோடு வந்தவள் பார்த்தாள். நல்லக்கண்ணுவின் வேட்டிக்குக் கீழே தாளின் பழுப்பு ஓரம் நீட்டிக்கொண்டிருந்தது. பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

“இல்லையே அத்தா,” என்றாள்.

பாய் நாற்காலியை விட்டு இறங்கி, முழங்காலில் நகர்ந்து தரையைத் தடவ ஆரம்பித்தார்.

பெட்டிகளை ஹுமைராவே காருக்குத் தூக்கி வந்தாள். பேசாமல் கிளம்பியிருக்கலாம், நல்லக்கண்ணுவின் வாய் கேட்கவில்லை. “நீ பாத்தியேம்மா. ஏன் சொல்லல?”

“அம்மா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப இவரு இந்தக் கடைசி வாரத்தைத் தேடி மதுரைக்குப் போயிட்டாரு. ‘ஒங்கத்தா வந்துட்டாரா’ன்னு கேட்டுக் கேட்டே மௌத்தானாங்க. நான் இந்தா வர்றாரு, இந்தா வர்றாருன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்.” டிக்கியை அடித்துச் சாத்தினாள். “அந்தப் பொண்ணு பொழைச்சாளா சார்?”

கேட்ட கேள்விக்கு அவரால் பொய் சொல்ல முடியவில்லை. “பொழைச்சிட்டாம்மா. கதவைத் தெறந்துட்டாங்க.”

உள்ளேயிருந்து பாயின் குரல் வந்தது. “கட்டிலுக்கடியில பாத்தியாம்மா?”

“நல்லாத் தேடுங்கத்தா,” என்று வாசலிலிருந்தே குரல் கொடுத்தாள் ஹுமைரா. “அங்கதான் கெடக்கும்.”